பின் இருக்கைத் தூக்கம்

போன வாரம் மழை விட்ட ஒரு காலையில் கோலசிலாங்கூர் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பக்கத்தில் ஒரு பழைய கார் கிளம்பியது. பின்னால் இருந்த எக்ஸோஸ் குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. சொட்டிய தண்ணீர் என் செருப்பில் தெறித்தது. உள்ளே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஒரு குடும்பம். நான் ஓடிப்போய்த் தட்டி, "பின்னால கண்ணாடிய கொஞ்சம் இறக்கிக்குங்க தம்பி" என்றேன். ஓட்டியவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை. மீன் பையோடு வந்து கண்ணாடியைத் தட்டும் கிழவியை வேறு எப்படிப் பார்ப்பது?

அந்த ஆவி யாரையும் ஒன்றும் செய்யாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் அதைப் பார்த்தால் தைல வாசம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அப்போது நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த புதிது. தேவகி டீச்சர், மரகதம், நான் மூவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கார் தேவகி டீச்சருடையது. பள்ளிக்கு இரண்டே மைல், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைகளுக்கு நடுவே மண்சாலை. முன் இருக்கையில் திருத்த வேண்டிய நோட்டுகள் குவிந்திருக்கும். மரகதமும் நானும் எப்போதும் பின்னால்தான். எங்கள் இருவருக்கும் தினமும் தலைவலி. தைலக் குப்பி கைமாறிக்கொண்டே இருக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் கூச்சல்தான் காரணம் என்று மரகதம் சொல்வாள். ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், தொழிலாளர் குடியிருப்பில் எந்த லயத்து வீடு என்பதும் அவளுக்கு மனப்பாடம்.

கார் உறுமத் தொடங்கியதும் பட்டறை சுல்தான் பாயிடம் காட்டினோம். எங்கள் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"காலையில இட்லிப் பானை மாதிரி ஆவி விடுது பாய்" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அது வெறும் தண்ணிலா டீச்சர். பெட்ரோல் எரிஞ்சா தண்ணியும் வரும். குழாய் நல்லா சூடானா எல்லாம் ஆவியா போயிரும். நீங்க ரெண்டு மைலு ஓட்டி நிறுத்திர்றீங்க. தண்ணி உள்ளயே கெடந்து இரும்ப அரிக்குது."

குனிந்து திருப்புளியால் குழாயைக் குத்தினார். வெளியே நன்றாக இருந்த குழாய், பிஸ்கட் போல உதிர்ந்தது.

"சீக்கிரம் மாத்திருங்க. கெட்ட காத்து காருக்குள்ள ஏறும். அதுக்கு நெறமும் கெடையாது, வாசமும் கெடையாது."

"பள்ளி லீவு வரட்டும் பாய்" என்றார் தேவகி டீச்சர். நானும் தலையாட்டினேன்.

லீவுக்கு இரண்டு வாரம் இருந்தது. சபாக்கில் தெரிந்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியம் கிளம்பினோம். நல்ல மழை. வழியில் மரம் விழுந்து வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. குளிர்சாதனத்துக்காக இஞ்சினை அணைக்கவில்லை. முன்னால் என்ன ஆகிறதென்று பார்க்கத் தேவகி டீச்சர் தன் பக்கக் கண்ணாடியை மட்டும் விரலளவு இறக்கிவைத்திருந்தார்.

மரகதம் வகுப்பில் நடந்த ஏதோ ஒரு வேடிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு மெதுவானது. பாதியில் நின்றது. தலை என் தோளில் சாய்ந்தது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் தூக்கம் வந்தது. அவ்வளவு இனிமையான தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததே இல்லை.

குமட்டல்தான் என்னைக் காப்பாற்றியது. கதவைத் திறந்து சாலையில் வாந்தி எடுத்தேன். மழைக்காற்று முகத்தில் பட்டதும் திரும்பி அவளை உலுக்கினேன். "மரகதம்! ஏய், எழுந்திரு!" அசைவில்லை. உதடுகள் மட்டும் சாயம் பூசியதுபோல் சிவந்திருந்தன.

என் அலறல் கேட்டுப் பின்னால் நின்ற லோரிக்காரர் ஓடிவந்தார். "கார வுட்டு வெளிய தூக்கும்மா மொதல்ல!" தேவகி டீச்சரும் சேர்ந்து தூக்கிச் சேற்றில் கிடத்திய பிறகு, மெல்ல மூச்சு வருவது தெரிந்தது. அவருடைய லோரியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மூன்றாம் நாள் மரகதம் கண்விழித்தாள். நாங்கள் சாமிக்கு நேர்ந்துகொண்டதையெல்லாம் நிறைவேற்றினோம். ஒரு மாதம் கழித்து அவள் வகுப்புக்கு வந்தபோது நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். முதல் வரிசைப் பெண்ணிடம், "ஒன் பேரென்ன கண்ணு?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை சொன்னது. ஒரு சுற்று நடந்து வந்து அதே பிள்ளையிடம், "ஒன் பேரென்ன கண்ணு?" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஆண்டு முடிவதற்குள் அவளுடைய அண்ணன் வந்து தங்கள் ஊரான உலு யாமுக்கு அழைத்துப் போய்விட்டார். தேவகி டீச்சர் அதன் பிறகு கார் ஓட்டவே இல்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை.

பல வருடம் கழித்து மரகதத்தைப் பார்க்கப் போனேன். மரியாதையாகத் தேநீர் கொடுத்தாள். "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்படி ஒரு தோட்டம் இருக்கா?" என்றாள்.

அன்று இருந்தது. இப்போது செம்பனைகளை வெட்டி, லயங்களை இடித்து, வரிசையாக மாடிவீடுகள் கட்டிவிட்டார்கள். பள்ளி இருந்த இடம் எதுவென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அங்கே நின்று இரண்டு பேரிடம் தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.