ரொட்டி சாப்பாட்டில் சேர்த்தியில்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ரொட்டி தின்றால் அதற்குப் பெயர் தேத்தண்ணி குடிப்பது. சோறு தின்றால்தான் சாப்பாடு. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற பேச்சு. அதனால் ஒரு கால் போகும் என்று யார் கண்டது!

அம்மா இறந்துபோன பிறகு அப்பா தனியாகத்தான் இருந்தார். தோட்டத்து வேலையும் முடிந்துவிட்டது, சீனி வியாதி வேறு. நான் கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்றேன். தீபாவளிக்கு வந்தபோது அவர் கால் விரலில் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்தேன். விரல் கறுத்து அழுகி நாறியது.

"செருப்பு கடிச்சிருச்சு, ஆறிரும்" என்றார்.

மாத்திரை வைக்கிற பிஸ்கட் டின்னைத் திறந்தால், கிளினிக்கில் கொடுத்தது அப்படியே கிடக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்ப்பா, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மாத்திரை போடுறதில்லையா?"

"போடுறேனே! சாப்பிடுற அன்னிக்கெல்லாம் போடுறேன்."

"சாப்பிடுற அன்னிக்கா?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லித்தானே நர்சம்மா சொன்னாங்க? அரிசி விக்கிற வெலைக்குத் தெனமும் சோத்துக்கு ஒலை வைக்க முடியுமா? மத்த நாளெல்லாம் ரொட்டிதான். வெறும் வயித்துல போட்டா ஆகாதுல்ல?"

சொன்னதை ஒழுங்காகக் கேட்டு நடந்தவர் முகம் அது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் கத்தினார். மாத்திரை ஏன் போடவில்லை, மரக்கறியும் முட்டையும் மீனும் தின்னக் கிளினிக்கில் சொன்னேனே என்று. கரட்டும் லீக்ஸும் எங்கள் கண் முன்னால்தான் லொறியேறிப் போகின்றன. பார்க்கிறதற்கு மட்டும்தான் எங்களுக்குக் கொடுப்பினை. அதைச் சொல்ல எனக்குச் சிங்களம் தெரியும். சொன்னேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வார்டில் சோறு, பருப்பு, கீரை, ஒரு துண்டு மீன். சாப்பிட்டார், மாத்திரை போட்டார், சீனி இறங்கியது. "பார்த்தாயா, ஒழுங்காக மாத்திரை போட்டால் எல்லாம் சரியாகும்" என்று டாக்டர் சிரித்தார். நாசமாய்ப் போக, மாத்திரையா குறைச்சல்?

வார்டிலிருந்து பெயர் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்று நான் துணிமணிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னார்:

"இன்னும் ரெண்டு நாளு இருக்க விடுவாங்களான்னு கேட்டுப் பாரு புள்ள. இங்க சோறு போடுறாங்க."