காருக்குப் பின்னால் ஒரு தாய்மாமன் சீர்

என் மனைவியின் தம்பி பிரான்சில், வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஒரு மலை ஊரில், ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறான். காரைக்காலுக்குத் திரும்பும் ஒரு குடும்பத்தின் கண்டெய்னரில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததாம். அதில் அவன் எங்களுக்குப் போட்டு அனுப்பிய ஒரு பெரிய மூட்டை, என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு வந்து சேர்ந்தது. பிரித்தால் காலில் மாட்டிப் பனியில் சறுக்கும் நீளப் பலகை ஒரு ஜோடி, மேலே ஏறி நின்று சறுக்கும் அகலப் பலகை ஒன்று, இவற்றைக் காரின் பின்னால் மாட்டிச் சுமக்க ஒரு இரும்பு ஸ்டாண்டு. எங்கள் ஊர் சுரக்குடியில் பனி என்பது மார்கழியில் நெற்பயிரின் நுனியில் நிற்பது. அதில் சறுக்கினால் வரப்பைத் தாண்டி வாய்க்காலில்தான் விழவேண்டும்.

"தூக்கிப் பரண்ல போடு" என்றேன் மனைவியிடம்.

அடுத்த வாரமே தம்பி போன் செய்தான். லீவு கிடைக்கவில்லை, கல்யாணத்துக்கு வர முடியாது. அன்று என் மனைவி சாப்பிடவில்லை. பெற்றவர்கள் போய்விட்டார்கள், பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் அவன் ஒருவன்தான். தாய்மாமன் சீர் சபைக்கு வராத கல்யாணத்தை எங்கள் பக்கத்தில் பேரன் பேத்தி எடுக்கும் வரை பேசுவார்கள். மறுநாள் காலையில் தீர்மானமாகச் சொன்னாள்.

"என்னங்க, அந்தப் பலகையத்தான் சீரா வைக்கப்போறேன். கார்ல பின்னாடி மாட்டி, எல்லாரும் பாக்குற மாதிரி கொண்டு போவணும்."

"பட்டுப்புடவை ஒண்ணு எடுத்து அவன் பேரைச் சொல்லி வச்சிடேன்!" எனக்குக் குரல் ஏறிவிட்டது.

"அது நாம எடுத்ததுங்க. அவன் அனுப்புனது இதுதான்."

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றவர்களுக்கு இந்த மூன்றாவது சோதனை தெரியாது. ஸ்டாண்டு நிற்கக் காரின் அடியில் இழுவைக் கொக்கி வேண்டும். கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளுக்கு வெல்டிங் வைக்கும் ஒருவரிடம் போனேன்.

"என்னத்த சார் இழுக்கப்போறீங்க?"

"ஒண்ணும் இழுக்கலைங்க. இதைத் தாங்கணும்."

அவர் பலகையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு, நிலக்கரி லாரியையே கட்டி இழுக்கிற தடிமனில் ஒரு கொக்கியை வைத்துவிட்டார். மாட்டிய பிறகுதான் தெரிந்தது, நம்பர் பிளேட் முழுக்க ஸ்டாண்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

மாப்பிள்ளை வீடு நாகூர்ப் பக்கம். கல்யாண மண்டபமும் அங்கேதான். கல்யாணத்தன்று காலையில் மனைவி பலகைகளுக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, முல்லைச்சரம் சுற்றினாள். வாஞ்சூரைத் தாண்டியதும் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடி. காரைக்காலிலிருந்து வரும் வண்டி என்றால் மலிவு விலை மது பாட்டில் தேடுவது அவர்கள் வேலை. நம்பரே இல்லாமல், பூ வைத்துக்கொண்டு வரும் வண்டியை விடுவார்களா? ஒரு காவலர் பலகையைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மோந்தும் பார்த்தார்.

"உள்ள என்ன சார் இருக்கு?"

"உள்ளேன்னு ஒண்ணே கிடையாதுங்க. வெறும் பலகை."

"எதுக்கு?"

பனியில் சறுக்க என்று சொல்ல, சித்திரை வெயிலில் எனக்கு நாக்கு எழவில்லை. மனைவி கார்க் கண்ணாடியை இறக்கினாள். "எம் மவளுக்குத் தாய்மாமன் சீருங்க."

அவர் உடனே விலகி நின்றார். "போய்ட்டு வாங்கம்மா. நம்பர மட்டும் வெளிய தெரியிற மாதிரி மாத்திருங்க சார்."

மண்டபத்தில் பழத்தட்டுகளுக்கு நடுவே பலகைகள் ஏறின. பெண்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். இஸ்திரி போடுவது என்றார் ஒருவர். மீன் காயவைக்க நல்லது என்றார் இன்னொருவர். சம்பந்தியம்மா நேராகவே கேட்டார்.

"இத வச்சு என்ன பண்ணுவாங்க?"

"ஏறி நின்னா போவும்" என்றாள் என் மனைவி.

"எங்க?"

"கீழதான்."

மானம் போய் நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அந்த நேரம் பார்த்துத் தம்பி வீடியோவில் வந்தான். அவள் போனைச் சீர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் முகம் சுருங்கிப் போனது.

"அக்கா, அது ஹோட்டலுக்கு வந்த யாரோ வேண்டாம்னு விட்டுட்டுப் போனதுக்கா. நான் அதுல கால வச்சதே இல்ல. அதப் போயி சபையில..."

"தெரியும்டா. அடியெல்லாம் தேஞ்சு கெடந்துது. நீ எங்க வெளாடப்போற?" என்றாள். "நீ வரல. ஒங்கையால அனுப்புனதுன்னு வேற என்னடா இருக்கு எங்கிட்ட?"

இரண்டு மாதமாக அவளை விவரம் தெரியாதவள் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் மகளோடு பலகைகளும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டன. நாங்கள் இரண்டு பேரும் காலி ஸ்டாண்டோடு திரும்பினோம். சாவடியில் அதே காவலர்.

"என்னம்மா, சீர் வச்சாச்சா?"

"வச்சாச்சுங்க" என்றாள். "எந்தம்பி வச்சான்."