எதிர்க்கரையில் நின்று எண்ணியவர்

முனைவர் பட்டத்துக்கான நேர்காணல். நாடுகள் அணுசக்தியை எதற்குப் பயன்படுத்துகின்றன என்று கண்காணிப்பது என் ஆய்வுத் தலைப்பு. மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் என் விண்ணப்பத்தில் அப்பாவின் தொழிலைப் படித்துவிட்டு, "கெணத்துக்கு வெடி வெக்கிற ஊட்டுல இருந்து அணுகுண்டுக்கு வந்துட்டியா?" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த இடம் கிடைத்தால்தான் மேலே படிக்க முடியும். அடக்கிக்கொண்டேன்.

தலைவரே கேட்டார்: "ஒரு நாடு யுரேனியத்தைச் செறிவூட்டுறது மின்சாரத்துக்கா, குண்டுக்கா? எப்படிக் கண்டுபிடிப்ப?"

"யந்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதுங்க. ரெண்டுக்கும் அதே யந்திரம்தான். உள்ள போனது எவ்வளவு, வெளிய வந்தது எவ்வளவு, எந்த அளவுக்குச் செறிவு ஏத்தியிருக்காங்கன்னு வெளியாள் வந்து எண்ணணும்."

"ஏன், அந்த நாட்டுக்காரனுக்கு எண்ணத் தெரியாதா?"

தெரியும். ஆனாலும் தப்பும். எங்கள் ஊர் சேந்தமங்கலம் பக்கம் கிணறு வெட்டும்போது ஏழு திரி பற்றவைத்தால் ஏழு சத்தம் கேட்க வேண்டும். குறைந்தால், வெடிக்காத தோட்டா பாறைக்குள் இருக்கிறதென்று அர்த்தம், யாரும் இறங்கமாட்டார்கள். எண்ணுவதற்கு எங்கள் ஆள் ஒருவர், கிணறு வெட்டச் சொன்ன தோட்டக்காரரின் ஆள் ஒருவர், கிணற்றின் எதிரெதிர்க் கரையில் நிற்பார்கள். கல்லூரி விடுமுறையில் ஒருமுறை நான் எண்ணி ஏழு என்றேன். எதிர்க்கரைக்காரர் ஆறு என்றார். மலையில் மோதித் திரும்பிய சத்தத்தையும் சேர்த்து எண்ணியிருந்தேன். என் எண்ணிக்கையை நம்பி அப்பா அதற்குள் இறங்கக் கயிற்றைப் பிடித்துவிட்டார்; எதிர்க்கரைக்காரர் சொன்னதால்தான் நின்றார்.

இதை அப்படியே சொன்னேன். "வேலை முடியணும்னு எங்களுக்கு அவசரம். அதனால எனக்கு ஏழாத்தான் கேட்டுச்சுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தலைவர் கேட்டார்: "அப்ப நம்ம நாட்டுக்குள்ளயும் எவனாவது வந்து எண்ணணுமா?"

"மின்சாரத்துக்குன்னு நாம பிரிச்சுக் காட்டுன உலைகளை வெளியாளுங்க வந்து பாக்குறாங்க. மத்ததைப் பாக்கறதில்லை. அடுத்தவனைத் தொறந்து காட்டச் சொல்ற எந்த நாடும் தன் கதவையும் தொறக்கணும்ங்க. நாமளும்தான்."

"நீ எந்த நாட்டுக்காரன்டா?"

"இந்த நாட்டுக்காரன்தானுங்க. இல்லீனா எனக்கென்ன வந்துச்சு?"

தலைவர் என் விண்ணப்பக் கோப்பை மூடி ஓரமாகத் தள்ளினார்.

தேர்வானவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. பார்த்துவிட்டுத் திரும்பும்போது படிக்கட்டில் அந்தத் தலைவரே எதிரில் வந்தார். "அடுத்த வருசம் வேற தலைப்போட வா, பாக்கலாம்."

"இதே தலைப்புதானுங்க. நீங்களே உக்காந்திருந்தாலும் இதேதான்."

அவர் மேலே ஏறிப் போனார். அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவரை அப்பாவோடு கிணற்று வேலைக்குப் போகிறேன்.