பேசாலையிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு: நான் அழித்த ஊதாக் கோடு

கடந்த மாசி மாதம், தவக்காலம் தொடங்கவிருந்த நாள்களில், நான் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகப் புறப்பட்டேன். என் இடது மார்பிலிருந்து சிறு கட்டியொன்றை அகற்றி ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. புற்றுநோய் தொடக்க நிலையிலேயே அகப்பட்டது. மார்பை முழுதும் நீக்க வேண்டியதில்லை, ஆயினும் எஞ்சியிருக்கக்கூடிய நோய்க்கலங்களை அழிக்கப் பதினைந்து நாள் கதிர்வீச்சு வேண்டும் என்றார் வைத்தியர். திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று வாரங்கள். மன்னாரில் அந்த இயந்திரம் இல்லாமையால் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் செல்ல வேண்டியிருந்தது. அவ்வழியே செல்லவிருக்கும் சகோதரிகளுக்காக இதனை எழுதுகிறேன்.

வார நாள்களில் வைத்தியசாலைக்கு அருகிலுள்ள கன்னியர் மடத்தில் தங்கினேன். வெள்ளி பிற்பகல் பேசாலைக்குத் திரும்பி, திங்கள் விடியலில் மீண்டும் புறப்படுவேன். துணைக்கு வந்தவள் என் கணவரின் தங்கை றோசலின். கருவாட்டு வியாபாரம் செய்பவள்; வாய் ஓயாதவள்.

முதல் நாளிலேயே என் மார்பின்மேல் ஊதா மையால் கோடுகள் இட்டிருந்தார்கள். கதிர் எங்கே பட வேண்டும் என்பதற்கு அவையே அடையாளம். சவர்க்காரம், பவுடர், எண்ணெய் எதுவும் அவ்விடத்தில் படக்கூடாது என்று தெளிவாகச் சொன்னார்கள். நானும் தலையசைத்தேன். ஆனால் முதல் வாரம் முடிந்து வீடு வந்த ஞாயிறன்று, திருப்பலிக்குப் பின் றோசலின் மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்தாள். நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடுவது எங்கள் திருச்சபையின் தொன்மையான வழக்கம். வைத்தியர் விலக்கியது சமையலறை எண்ணெயை. செபித்த எண்ணெய் அதில் சேராது என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு, வலித்த இடம் முழுதும் பூச இடங்கொடுத்தேன்.

திங்கள் அதிகாலை 5.00 மணிக்கு ஓட்டோவில் புறப்பட்டோம். மன்னார் பஸ் நிலையம் வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர், 1,600 ரூபா. வீதியின் நடுவே படுத்திருந்த கழுதைகள் எழும்பும்வரை இரண்டு இடங்களில் காத்திருந்தோம். 5.45 மணி யாழ்ப்பாண பஸ்ஸில் ஆளுக்கு 560 ரூபா. பாலத்தைக் கடக்கையில் கிழக்கு வெளுத்தது. ஆழமற்ற நீரில் பூநாரைகள் நின்றன. விடத்தல்தீவை அண்மித்தபோது நன்றாகவே விடிந்துவிட்டது. நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரியதாக வகுத்தார்கள் பழம்புலவர்கள். அவ்விலக்கணத்தை முப்பது ஆண்டுகள் கற்பித்தவள் நான். ஆனால் அன்றைய கரையில் இரங்குவார் எவரையும் காணவில்லை. வலையிழுப்பவர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு நின்றார்கள். என் மனமும் தெளிந்திருந்தது.

பூநகரியில் பஸ் பத்து நிமிடம் நின்றது. தேநீர்க் கடையின் கழிப்பறையில் சட்டையை விலக்கிப் பார்த்தேன். உட்சட்டை முழுதும் ஊதாக் கறை. மார்பில் கோடு இல்லை. அது இருந்ததென்று சொல்லத்தக்க ஒரு நிழலே எஞ்சியிருந்தது. சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ, முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்களோ என்று பயந்தேன். றோசலினை அழைத்துக் காட்டினேன். அவள் கலங்கவில்லை. கருவாட்டுப் பொதிகளில் பெயரெழுதும் மாக்கர் அவளுடைய பையில் இருந்தது.

“கோடுதானே மச்சாள், நான் கீறி விடுறன். மார்ஜின் வளைஞ்சதெண்டு எத்தினை பிள்ளையளின்ரை காதை முறுக்கினனீங்கள். இப்ப நீங்கள் அசையாமல் நில்லுங்கோ.”

நான் அசையாமல் நின்றேன். அதுவே இப்பயணத்தில் நான் செய்த பெரும் பிழை.

8.55க்கு யாழ்ப்பாணம், அங்கிருந்து உள்ளூர் பஸ்ஸில் நாற்பது நிமிடம். பத்து மணிக்கு என் பெயரை அழைத்தார்கள். கையைத் தலைக்கு மேல் வைத்து மேசையில் கிடந்தேன். அப்பிரிவில் பணிபுரியும் இளம்பெண் ஒளிக்கோடுகளை என் உடல்மீது பொருத்திக்கொண்டிருந்தாள். வழமைபோல மன்றாட முயன்றேன், சொற்கள் வரவில்லை. பொய்க் கோட்டைக் காட்டிக்கொண்டு ஆண்டவரிடம் எதைக் கேட்பது? இடது மார்பு, அதன் கீழே இதயம்; கோடு பிசகினால் கதிர் அங்கே பாயும்.

“பொறுங்கோ பிள்ளை,” என்றேன். “இது நீங்கள் கீறின கோடில்லை. எண்ணெய் பூசி அழிஞ்சு போச்சு. வாற வழியில திரும்பக் கீறினது.”

அவள் ஒளியை அணைத்தாள். “ஆர் கீறினது?”

“என்ரை மச்சாள்.”

“அவ என்ன வேலை?”

“கருவாடு விக்கிறவ.”

சிரிப்பை அடக்க அவள் சற்றே திரும்பி நின்றாள். பின்பு வைத்தியரை அழைத்தாள். ஏட்டில் பதிந்திருந்த அளவுகளை வைத்துப் பார்த்து, புதிதாகப் படமும் எடுத்தார்கள். றோசலினின் கோடு ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தது. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் அதைத் துடைத்து, மீண்டும் ஊதாக் கோடு இட்டார்கள். இரண்டு மணி நேரம் பிந்தியதே தவிர, அன்றைய சிகிச்சை அன்றே நடந்தது. நாள் தவறவில்லை; முதலிலிருந்து தொடங்கவும் இல்லை. புறப்படும்போது நான் தலைகுனிந்து நிற்பதைக் கண்டு அப்பெண் அருகில் வந்தாள்.

“எண்ணெயை விடச் சொல்லேல்லை அம்மா. நெற்றியில பூசுங்கோ. இந்தப் பக்கத்தை மட்டும் எங்களிட்டை விடுங்கோ.”

எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறேன். விசுவாசத்துக்கும் வைத்தியத்துக்கும் இத்துணை நேராக எல்லை வகுத்தவர் எவரையும் நான் கேட்டதில்லை. வெளியே கதிரையில் இருந்த றோசலினிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு விரல்தானே என்று முணுமுணுத்தாள். பின்பு மாக்கரை எடுத்துப் பையின் அடியில் திணித்தாள்.

எஞ்சிய நாள்கள் ஒழுங்காகக் கடந்தன. கதிர் படும்போது வலி இல்லை. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். மூன்றாம் வாரத்தில் தோல் சிவந்து எரிந்தது, உடல் சோர்ந்தது. இரண்டும் ஒரு மாதத்தில் தணிந்தன. அடுத்து வந்த பரிசோதனையில் எல்லாம் நன்றாயிருப்பதாகச் சொன்னார்கள். இனி ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். றோசலினையும் மன்னாரில் மார்புப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். வழிநெடுக என்னை ஏசினாள். பரிசோதித்து ஒன்றுமில்லை என்று சொன்னபின் தாதிக்கே கருவாடு விற்கப் பார்த்தாள்.

செல்லவிருப்போருக்குச் சில சொற்கள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இடப்பக்கத்தில் இருங்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் வலப்பக்கத்தையே தாக்கும். தளர்ந்த பருத்திச் சட்டை அணியுங்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டுசெல்லுங்கள். தங்குமிடத்தை முதல் நாளுக்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தோலில் எதைப் பூசுவதற்கு முன்பும், அது எவ்வளவு புனிதமானதாயினும், அங்குள்ளோரைக் கேளுங்கள். கோடு அழிந்துபோனால் உள்ளே சென்றவுடன் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். எனக்கு அதனால் போனது இரண்டு மணி நேரம். சொல்லாதிருந்தால் என்ன போயிருக்கும் என்பதை அந்த ஒரு விரல் அகலம் எனக்கு அளந்து காட்டியது.