முதலில் யன்னலைத் திற

இது நடந்தது. 1947ஆம் ஆண்டு, ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை, வெள்ளவத்தையில். நேரம் பின்னேரம் மூன்று ஐந்திலிருந்து நாலேகால் வரை. கண் கூசும் வெயில். பேய்க்கதை என்றால் அமாவாசையும் நடுச்சாமமும் வேண்டும் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அவ்வளவு வசதியான பேய் எங்களுக்கு வாய்க்கவில்லை.

நான் சத்தியம் செய்யக்கூடியது கடைசிப் பகுதிக்கு மட்டும். அந்த இரும்புப் பெட்டியை உடைத்த சுத்தியல் என் கையில்தான் இருந்தது. கை நடுங்கியது என்று பிறகு கதை கட்டினார்கள். சுத்தியலின் பிடி ஆட்டம் கண்டிருந்தது, அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் அருந்ததி சொன்னது. அவள் என் சிநேகிதன் தியாகராசாவின் மனைவி. எத்தனையோ பொய் சொல்லக்கூடியவள். ஆனால் "பயந்து போனேன்" என்று மட்டும் பொய்யாகவும் சொல்ல மாட்டாள்.

தாயின் விருப்பத்துக்கு மாறாக அவளைக் கட்டிய தியாகராசாவுக்குக் கொழும்பில் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்த புதிது. கந்தோர் கிளாக்கர் சம்பளத்துக்கு மாட்டுக் கொட்டிலும் அகப்படாத காலம். இரத்மலானையில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரை, சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்த காரவன் ஒன்றை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். சக்கரம் வைத்த சின்ன வீடு அது. கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருந்த றேமண்ட் அதை இழுத்துவந்து, கால்வாயோரத் தென்னந்தோட்டத்தில், சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து நிறுத்தினான். மூன்று யன்னல், இரண்டு படுக்கை, ஓர் அலுமாரி.

அத்துடன் ஓர் அவண்.

வெள்ளை எனாமல், நீலக்கரை, கண்ணாடிக் கதவு. காஸில் எரிந்து கேக் சுடுவது. காஸ் சிலிண்டர் வெளியே, காரவனின் மூக்கில் பொருத்திய இரும்புப் பெட்டிக்குள். பெட்டி பூட்டியிருந்தது. திறப்பு துரையோடு சீமைக்குப் போய்விட்டது. அப்படிப்பட்ட சிலிண்டர் கொழும்பில் எங்கேயும் வாங்க முடியாது. "கிடக்கிற காஸ் ஒரு அவசரத்துக்குக் கிடக்கட்டும்" என்று தியாகராசா சொல்லிவிட்டான். எட்டு மாதமாக அருந்ததி மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்தாள். அவணுக்குள் அவன் தன் சப்பாத்துகளை வைத்திருந்தான்.

அவசரம் கடிதமாக வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து, மாமியார் எழுதியது.

"கொட்டாஞ்சேனையில் தம்பி வீட்டில் வந்து நிற்பேன். சனிக்கிழமை நாலரைக்கு உன்னிடம் வருவேன். ஒழுங்கான அடுப்புக்கூட இல்லாத வண்டிலில் என் பிள்ளை சீவிக்கத் தேவையில்லை. அவனுடைய உடுப்புகளை மடித்து வை. கூட்டிக்கொண்டு போகிறேன்."

தியாகராசா நல்லவன். தாயின் முன்னால் மட்டும் அவனுக்கு முதுகெலும்பு இருந்ததில்லை. கூப்பிட்டால் போய்விடுவான். அது அருந்ததிக்குத் தெரியும்.

அவள் உடுப்பு மடிக்கவில்லை. சப்பாத்துகளை வெளியே எறிந்துவிட்டு அவணைக் கழுவினாள். மூன்று கிழமைக் கூப்பன் சீனி, ஆறு முட்டை, ஒரு டின் பட்டர். ஒரே ஒரு கேக்குக்குப் போதும். பிழைத்தால் இரண்டாவது கிடையாது.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் தாயைக் கூட்டிவரத் தியாகராசா புறப்பட்டான். மூன்று ஐந்துக்கு அவள் அவணுக்கு முன்னால் குந்தினாள். கதவில் ஒரு சின்னத் தகடு, இங்கிலீசில். அதன் சாரம் இது:

முதலில் யன்னலைத் திற. குச்சியைக் கொளுத்து. அதன் பிறகே குமிழைத் திருப்பு. சுடரைப் பின்பக்கத் துளைக்குப் பிடி. தீ அணைந்தால் குமிழை மூடி, சற்றுப் பொறுத்து, திரும்பத் தொடங்கு.

முதலாவதை அவள் விட்டுவிட்டாள். வெளியே கச்சான் காற்று தென்னைகளைப் போட்டு உலுப்பியது. யன்னலைத் திறந்தால் குச்சியும் நிற்காது, மாவும் மிஞ்சாது. மூன்று யன்னலையும் இறுக்கிக் கொக்கி போட்டாள்.

மூன்று பன்னிரண்டு. முதல் குச்சி. குமிழைத் திருப்பினாள். ஸ்ஸ்ஸ்ஸ்... என்று வந்தது. காஸ் இருக்கிறது. மனம் குளிர்ந்தது. சுடரை உள்ளே கொண்டுபோனாள்.

அணைந்தது.

குமிழை மூடினாள். பொறுத்தாள். இரண்டாவது குச்சி. அதுவும் அணைந்தது. மூக்கை நீட்டி மணந்து பார்த்தாள். காஸ் நாறும் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஒரு மணமும் இல்லை. சீமைக் காஸ், நாகரிகமானது போலும் என்று நினைத்தாள்.

மூன்றாவது குச்சியைக் கண் வெட்டாமல் பார்த்தாள். காற்று அடித்தால் சுடர் ஒரு பக்கம் சாயும். இது சாயவில்லை. நீண்டது. உள்ளுக்கு இழுபட்டது. யாரோ மூச்சை இழுப்பதுபோல...

அணைந்தது.

குமிழை மூடினாள். ஸ்ஸ்ஸ்... நிற்கவில்லை.

திரும்பவும் இறுக்கி மூடினாள். ஸ்ஸ்ஸ்... கொஞ்சம் ஓய்வு. ஸ்ஸ்ஸ்... கொஞ்சம் ஓய்வு.

குழாயில் வருகிற காஸ் இளைப்பாறுவதில்லை.

மூன்று இருபத்துநாலு. முதுகுக்குப் பின்னால், டக்.

யன்னல் திறந்து கிடந்தது. பெருவிரலால் அழுத்தினால்தான் கழலும் பித்தளைக் கொக்கி அது. மாவு பறந்தது. ஓடிப்போய்ச் சாத்தினாள். கொக்கியைப் போட்டாள். திரும்பினாள்.

டக்.

சாத்தினாள்.

டக். டக்.

இப்போது எதிர்ப்பக்க யன்னல்களும்.

உள்ளே யாரும் இல்லை. வெளியே தென்னைகள் மட்டும்.

ஸ்ஸ்ஸ்... ஓய்வு.

ஸ்ஸ்ஸ்...

பிடரியில் ஒரு மூச்சு. சூடாக.

வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். நான் என்றால் பம்பலப்பிட்டி தாண்டியும் நின்றிருக்க மாட்டேன். அருந்ததியும் கதவுவரை போனாள். கதவருகே தியாகராசாவின் வெள்ளைச் சேட்டு ஆணியில் தொங்கியது. 'உடுப்புகளை மடித்து வை.' அந்த வரி அவள் தலைக்குள் ஏறியது. பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து குந்திக்கொண்டது.

திரும்பி வந்தாள். சீலையை இழுத்துச் செருகினாள்.

"ஆரெண்டாலும் கேளும். இண்டைக்கு நான் இந்தக் கேக்கைச் சுடாமல் விடன். ஊதும், வடிவா ஊதும். என்னட்ட நாப்பது குச்சி கிடக்கு."

நாலாவது குச்சி. அணைந்தது.

"முப்பத்தொன்பது."

ஐந்தாவது. அணைந்தது.

"உமக்கு ஒரு வீடு இருந்திருக்கும். ஆரும் வந்து வெளியால போ எண்டு சொன்னவையோ? எனக்குச் சொல்லீனம். நாலரைக்கு வருகினம். விளங்குதோ?"

மூன்று யன்னலும் திறந்தபடி. காற்று. அவள் சாத்தவில்லை.

"சரி. யன்னல் உம்மட விருப்பம். திறந்தே கிடக்கட்டும். அடுப்பு என்ர விருப்பம்."

கதவைத் திறந்த அவணுக்கு முன்னால் தன் உடம்பையே மறைப்பாக வைத்து, சீலைத் தலைப்பை விரித்து, ஆறாவது குச்சியைக் கிழித்தாள்.

மூன்று முப்பத்தொன்று. பற்றியது. நீலமாக.

கேக்கை உள்ளே வைத்தாள். நாற்பத்துநாலு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு அவணுக்கு முன்னால் நின்றாள். வாய் ஓயவில்லை. ஏசிக்கொண்டே நின்றாள். சுடர் ஏறியது, இறங்கியது, ஏறியது... அந்தச் சத்தத்தோடு சேர்ந்து.

நாலேகாலுக்குக் கேக்கை வெளியே எடுத்தாள். குமிழில் கை வைக்குமுன் சுடர் தானாக நின்றது. சத்தமும்.

கதவு தட்டப்பட்டது.

மாமி. தனியாக. தம்பி வீட்டில் மகனுக்குக் காத்திராமல், மருமகளின் சீரைச் சொல்லாமல் பார்க்கவென்று ரிக்சாவில் முன்கூட்டியே வந்துவிட்டார். தியாகராசா அங்கே தாயைத் தேடிக்கொண்டிருந்தான்.

மாமி உள்ளே ஏறினார். அவணைப் பார்த்தார். மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார். கேக்கில் ஒரு துண்டு தின்றார். இன்னொன்று எடுத்தார்.

"எங்க அவ? போட்டாவோ?"

"ஆர் மாமி?"

"உன்னோட சண்டை பிடிச்ச வெள்ளைக்காரி. முக்கால் மணித்தியாலமா உந்தத் தென்னைக்குக் கீழ நிண்டு கேட்டனான். நீ தமிழில ஏசுறாய், அவ இங்கிலீசில ஏசுறா. ரெண்டு பேரும் விட்டுக் குடுக்கேல்லை."

அருந்ததிக்குக் கேட்டது தன்னுடைய குரல் மட்டும்தான்.

"எனக்கு இங்கிலீசு விளங்காது. ஏச்சு விளங்கும். அவ ஒரே சொல்லைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னா. விண்டோ, விண்டோ எண்டு." மாமி விரலை நக்கினார். "தன்ர அடுப்பெண்டு வெள்ளைக்காரியோட நிண்டு பிடிச்சவள், என்ர பெடியனை எனக்கோ விடப்போறாய்? அவன் இஞ்சயே கிடக்கட்டும். எனக்கு இன்னுமொரு துண்டைச் சுத்தித் தா, கோச்சியில தின்ன."

திங்கட்கிழமை அவர் தனியே ரயில் ஏறினார்.

அன்று பின்னேரம் தியாகராசாவும் நானும், காஸ் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் பெட்டியின் பூட்டை உடைத்தோம்.

உள்ளே சிலிண்டர் இல்லை.

றப்பர்க் குழாய் ஒன்று சும்மா தொங்கியது. அதன் வாயை அடைத்து ஒரு குளவிக் கூடு. காய்ந்து, வெடித்து, பழையதாக.

கொட்டாஞ்சேனைக்குப் போனோம். றேமண்ட் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"காஸ் இருக்கெண்டு நான் எப்ப மேன் சொன்னேன்? அவண் இருக்கெண்டுதான் சொன்னேன். சிலிண்டரை நானே கழட்டி வெள்ளவத்தைக் கால்வாயில போட்டேன். துரை போடச் சொன்னார். நாப்பத்தஞ்சில."

"ஏன்?"

"துரையின்ர லேடி கேக் சுட்டவ. காத்துக்காலம். விண்டோ எல்லாத்தையும் சாத்திட்டா. நெருப்பு நூந்திருக்கு, காஸ் நிக்கேல்லை. படுத்த இடத்திலயே போயிட்டா." தொப்பியைக் கழற்றினான். "சனிக்கிழமை. நாலேகாலுக்குக் கதவை உடைச்சது நான்தான், மேன்."

காரவனை விற்றுவிடுவோம் என்றான் தியாகராசா. நானும் ஓமென்றேன், கொஞ்சம் அவசரமாகவே. அருந்ததி எங்கள் இருவரையும் பார்த்த பார்வையில் விற்பனை முடிந்துபோனது.

அடுத்த கூப்பன் சீனி சேர்ந்ததும், ஒரு சனிக்கிழமை எங்களைக் கூப்பிட்டாள். நான் வெளியே, திறந்த பெட்டிக்கு முன்னால் நின்றேன். கண் குழாயில். கூடு அப்படியே வாயை அடைத்தபடி. உள்ளே யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம். அவள்தான் திறந்தாள். பிறகு குச்சி கிழிபடும் சத்தம்.

ஸ்ஸ்ஸ்...

குழாய் அசையவில்லை.

"திறந்துதான் கிடக்கு. பாரும்" என்றது அருந்ததியின் குரல்.

கேக் நன்றாக வந்திருந்தது. இரண்டாம் துண்டுக்குக் கை நீட்டினேன். அவள் தட்டை அப்பால் நகர்த்தி, அவணின் மேல் வைத்தாள்.

"அது உங்களுக்கில்லை, அண்ணை."