தேய்த்த தாளில் 786

எதை எழுதினாலும் தாளின் தலையில் முதலில் 786 போட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். கடிதம், சரக்குப் பட்டியல், டைரியின் ஒவ்வொரு பக்கம், எல்லாவற்றிலும். 'இறைவன் பெயரால்' என்று தொடங்கும் பிஸ்மியைக் குறிக்கும் அந்த எண் சின்ன வயதில் மதரஸாவில் பழகியது. நாற்பத்தாறு வயதில் அதை நான் போடவில்லை, கை போட்டது.

சிதம்பரத்தில் எனக்கு இரும்புக் கடை. பெயர் பதிந்து நான்கு வருஷம் காத்திருந்த கார், என் மனைவிக்கு உடம்பு மோசமான சமயத்தில் வந்து சேர்ந்தது. அவளுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். புதன்கிழமைதோறும் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அதை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மறுநாளே மூச்சு முட்டும். கார் வருவதற்கு முந்தைய வாரம் பஸ்ஸில் போனபோது ஆலப்பாக்கத்தில் இறங்கி, சாலையோரம் படுத்துவிட்டாள். இனி பஸ் வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

காருக்குத் தற்காலிகப் பதிவு ஒரு மாதம்தான். அதற்குள் கடலூரில் நிரந்தரப் பதிவு வாங்க வேண்டும். விற்பனைச் சான்றில் என் தகப்பனார் பெயர் பிழையாக இருந்தது. சென்னைக்கு அனுப்பித் திருத்தி வாங்குவதற்குள் மாதம் ஓடி, கடைசி நாள்தான் மிஞ்சியது. அது செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன்.

என் மனைவியின் தம்பி லால்பேட்டையிலிருந்து வந்து வண்டி ஓட்டினான். என் மடியில் கோப்பு. விண்ணப்பம், விற்பனைச் சான்று, இன்ஷூரன்ஸ் சான்று, தற்காலிகப் பதிவுச் சீட்டு, கடைசியாக சேஸ் எண் தேய்த்த தாள். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே எழும். முந்தைய நாள் நானே தேய்த்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த பதிவு ஆபீஸில் குமாஸ்தா அந்தத் தாளைச் சான்றுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் எண்ணினார்.

"சான்றுல ஆறு எண்ணு இருக்கு. உங்க தாள்ல ஒம்போது. என்ன பாய் இது?"

எட்டிப் பார்த்தேன். தாள் சிறியது. தேய்ப்பதற்கு முன் அதே பென்சிலால் தலையில் 786 போட்டிருக்கிறேன். தேய்த்த கருப்பு அதன் மேலும் படிந்து, எண்ணோடு ஒட்டிக்கொண்டு ஒரே எண்ணாகத் தெரிந்தது.

"அது எங்க வழக்கம் சார். எதுக்கும் முதல்ல போடுவோம்."

"தெரியும் பாய். நானும் உ போடுற ஆளுதான். ஆனா சேஸ் நம்பர் பக்கத்துல போட மாட்டேன்."

சொல்லிக்கொண்டே அவர் விண்ணப்பத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் 'எண் வேறுபடுகிறது' என்று எழுதிவிட்டார். இனி இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்த்து எழுதினால்தான் கோப்பு நகரும். இன்ஸ்பெக்டர் சேத்தியாத்தோப்புக்கு பஸ்களைச் சோதிக்கப் போயிருந்தார்.

"வருவாரா சார்?"

"வந்தா வருவாரு. இல்லாட்டி நாளைக்கு."

நாளைக்கு என்றால் வண்டி சாலையில் ஏறக்கூடாது. பன்னிரண்டரை மணிக்கு நின்ற இடத்திலேயே நான்கு மணிக்கும் நின்றேன். மனைவியின் தம்பி வேப்பமரத்தடியில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், உங்களை மாதிரி சுத்தமா எழுதுற ஆளு ஜில்லாவுலயே கிடையாது. அதான் மாட்டுனீங்க" என்றான். பிறகு குரல் இறங்கியது. "சீட்டு முடிஞ்சா முடியட்டும். அக்காவ நான் ஏத்திக்கிட்டுப் போறேன். யாரு புடிப்பா?"

"மஞ்சக்குப்பத்தத் தாண்டித்தானே போவணும் மாப்ள. நடுவழியில வண்டிய நிறுத்திட்டா அவள எங்க படுக்க வைப்பே?"

அவன் துடைத்த கதவையே திரும்பத் துடைத்தான். என் கோப்பில் நான் அடுக்கிய எந்தத் தாளாலும் எனக்குப் பயனில்லை என்று அப்போதுதான் உறைத்தது. 

நான்கு ஐம்பதுக்கு ஜீப் வந்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னதை இன்ஸ்பெக்டர் பாதிதான் கேட்டார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, குனிந்து எண்ணைப் படித்தார். "என் முன்னால இன்னொரு தாள்ல தேய்ங்க" என்றார்.

குமாஸ்தா தாள் கொடுத்தார். பென்சில் முனை தாளின் தலைக்குப் போய் 7-இன் மேல்கோட்டுக்கு இறங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் போடாமல் தேய்த்தேன். ஆறு எண்கள். அவர் சிவப்பு மைக்குக் கீழே 'நேரில் சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அன்றே பதிவு எண் கிடைத்து, நம்பர் பலகையில் எழுதிய பெயிண்ட் காயாமலேயே ஊர் திரும்பினோம். தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிக்க முயன்று இருமினாள்.

"எழுதாம கொடுத்தீங்களா? வாயால பிஸ்மி சொல்லிட்டுத்தானே தேய்ச்சீங்க?"

சொல்லவில்லை. ஆனால் சொன்னதாகத் தலையசைத்தேன்.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் பதினொரு புதன்கிழமைகள் அவளைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். பன்னிரண்டாவது புதன்கிழமைக்கு வண்டி தேவைப்படவில்லை. அன்றைய டைரிப் பக்கத்தின் தலையில் 786 இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.