செக்கரம்மா சந்தேகப்பட்ட நர்ஸ்

பஸ்ஸில் ஏறினால் அவள் முதலில் எழுப்புவது தூங்குகிறவனைத்தான். நிஜமாகத் தூங்குகிறவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான், டிக்கெட் எடுக்காதவன் அழகாகத் தூங்குவான் என்பது முப்பத்தொரு வருட அனுபவம். டிக்கெட் பரிசோதகர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் தெருவுக்கு அவள் இன்னும் செக்கரம்மாதான். பால்காரர் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, அவள் தேதியைப் படித்து முடிக்கும்வரை சைக்கிளை நகர்த்த மாட்டார். பாவம், அவ்வளவு பழகியிருந்தார்.

அவள் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அவள் புருஷன். தெருக்கோடியில் சலூன் வைத்திருந்தவர். நாற்பது வருடம் நின்றுகொண்டே பிறத்தியார் தலையைக் குனியவைத்த மனுஷன். அவருக்குச் சர்க்கரை வியாதி. செருப்பில் ஏறியிருந்த ஆணி இரண்டு நாள் காலைக் குத்திக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. பெருவிரலுக்குக் கீழே புண் வந்துவிட்டது. சலூன் மூடிக் கிடந்தது. கால் போனால் நிற்பது போகும், நிற்பது போனால் தொழில் போகும், தொழில் போனால் இந்த மனுஷன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தே கரைந்துவிடுவார் என்று செக்கரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எல்லோரையும் முறைத்தாள்.

சுகாதார நிலையத்திலிருந்து வாரம் இரண்டு நாள் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றினாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள். அதுவே செக்கரம்மாவுக்கு உறுத்தியது. பெற்ற மகனே அப்பா காலைத் தொட யோசிக்கிற காலத்தில், முன்பின் தெரியாத ஒருத்தி மடியில் ஏந்துகிறாள் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

வேலையும் சந்தேகத்துக்கு இடமாகவே இருந்தது. புண் ஓரத்தில் வெளுத்துத் தடித்த தோலை அந்தப் பெண் சின்னக் கத்தியால் சீவுவாள். ரத்தம் வரும். வரும்போது சட்டைப் பொத்தான் அளவு இருந்த புண், போகும்போது கோட்டுப் பொத்தான் அளவு ஆகியிருக்கும்.

"என்னம்மா, ஆத்த வந்தியா, பெருசாக்க வந்தியா?"

"செத்த தோலை எடுத்தாதாம்மா கீழேருந்து நல்ல தோல் வளரும். முதல்ல பெருசாத்தான் தெரியும்."

"எனக்கு ஒண்ணுமே வலிக்கலையே," என்றார் சலூன்காரர், பெருமையாக.

"அதாங்கய்யா வியாதியே," என்றாள் நர்ஸ்.

இதையெல்லாம் கேட்டு மயங்குகிற ஆளா செக்கரம்மா? ஆறினால் வேலை முடிந்துவிடும், அதனால் ஆறவிடாமல் வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினாள். ஒவ்வொரு முறையும் நூலை வைத்து அளந்தாள். தேதி, வந்த நேரம், போன நேரம், வரும்போது அளவு, போகும்போது அளவு என்று ஒரு மாதக் குற்றப்பத்திரிகை தயாரானது. அதைச் சுகாதார நிலையத்து டாக்டர் மேஜையில் வைத்து, "இந்தப் பொண்ணு இனி எங்க வீட்டுப் படி ஏறக்கூடாது," என்றாள். விசாரணை முடியும்வரை நர்ஸை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். வேறு ஆளை அனுப்புகிறோம் என்றதற்கு, "வேணாம், நானே பாத்துக்கறேன்," என்று எழுந்து வந்துவிட்டாள்.

பார்த்தும் கொண்டாள். மருந்துக்கடையில் பவுடர் வாங்கித் தூவினாள். காலை வெயிலில் காலை நீட்டி உட்காரவைத்தாள். ஒரே வாரத்தில் புண் காய்ந்து மேலே கெட்டியாகப் பொருக்குத் தட்டியது. ரத்தம் இல்லை, ஈரம் இல்லை. செக்கரம்மா தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று நர்ஸைப் பற்றிச் சொன்னாள். அவளே வைத்தியம் ஆரம்பித்து அன்றைக்குத்தான் எட்டாம் நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண் வாசலில் நின்றாள். யூனிஃபார்ம் இல்லை.

"யாரு உன்னை அனுப்புனது?"

"யாரும் அனுப்பலைம்மா. இன்னிக்கு எனக்கு லீவு."

"லீவு நாள்ல எதுக்கு வந்தே? இங்க வர உனக்குத் தடை இருக்கு, தெரியுமில்ல? ஒரு ஃபோன் போட்டா உன் வேலையே போயிரும்."

"போடுங்கம்மா. காலை ஒரு தடவை பாத்துடறேன், அப்புறம் போடுங்க."

செக்கரம்மா கதவை மறித்து நின்றாள். உள்ளேயிருந்து சலூன்காரர், "விடேன், பொருக்கைப் பாத்துட்டுப் போகட்டும்," என்றார். தன் வெற்றியைக் காட்டுகிற ஆசையில்தான் அவள் வழிவிட்டாள். அதுதான் உண்மை.

நர்ஸ் கத்தி எதுவும் எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, காலை மடியில் வைத்து, குனிந்து முகர்ந்தாள்.

"அம்மா, உங்க புறங்கையை இந்தக் கால்ல வைங்க. இப்போ அந்தக் கால்ல."

ஒரு கால் சாதாரணமாக இருந்தது. மற்றது அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலச் சுட்டது. கணுக்கால்வரை சிவப்பு ஏறியிருந்தது. வெயிலில் உட்கார்ந்ததால் வந்த சிவப்பு என்று செக்கரம்மா தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். நர்ஸ் பொருக்கின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினாள். அடியிலிருந்து சீழ் வழிந்தது. அந்த நாற்றம் அறை முழுக்கப் பரவியபோது செக்கரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூடி வைத்து அழுகவிட்டது அவள்தான்.

"ஆட்டோ கூப்பிடுங்க. இப்பவே," என்றாள் நர்ஸ்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் அறுவை டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் செக்கரம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பெண். அவள் இடத்தில் வேறு யாராவது இருந்தால் கையைப் பிடித்து அழுதிருப்பார்கள். இவளுக்கு அப்போதும் கேள்விதான் வந்தது.

"உண்மையைச் சொல்லு. எதுக்கு வந்தே? உன்னைப் பத்தி எழுதிக் குடுத்தவ நான்."

நர்ஸ் அவள் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு அந்தக் காலைப் பிடிச்சிருந்துச்சும்மா. நாப்பது வருஷம் நின்ன கால். பிடிக்கலைன்னா அந்த நாத்தத்துக்குப் பக்கத்துல எப்படிக் குனிய முடியும்? முதல்ல பிடிக்கணும். கத்தியெல்லாம் அப்புறம்தான்."

செக்கரம்மா இந்தப் பதிலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தானும் அந்தக் காலை நேசித்ததால்தான் இத்தனையும் செய்தோம், நேசித்தே கெடுத்தோம் என்று தோன்றியது. அந்த நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாளே புகாரை வாபஸ் வாங்கினாள். டாக்டர் காரணம் கேட்டதற்கு, "அளவு சரி, முடிவு தப்பு," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சலூன்காரர் வீடு திரும்பிய நாலாம் நாள், மறுபடி கட்டு மாற்ற வந்த நர்ஸ், பஞ்சும் துணியும் இருந்த தட்டைச் செக்கரம்மா பக்கம் தள்ளினாள். "கையைக் கழுவிட்டு வாங்க. நான் வராத நாள்ல நீங்கதானே கட்டணும். இன்னிக்கு நீங்க கட்டுங்க, நான் அதுக்குள்ள ஃபைலை எழுதிடறேன்."

செக்கரம்மா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். தரையில் உட்கார்ந்து புருஷனின் காலைத் தூக்கி மடியில் வைத்தாள். இத்தனை வருடத்தில் அது முதல் தடவை. அவர் கூச்சப்பட்டுச் சிரித்தார். பஞ்சை எடுத்தாள். நர்ஸ் பேனாவைத் திறந்து ஃபைல் பக்கம் திரும்பினாள்.

"எழுதறதை அப்புறம் எழுதிக்கலாம்," என்றாள் செக்கரம்மா. "இங்கயே பாரும்மா. என்னை நம்பிடாதே."